கீழ்க் கம்பி

வெளியே போகிற நாளென்றால் அந்த வீட்டில் சில்வண்டுக்குக் காலையில் தண்ணீர் கிடையாது. எழுந்ததும் வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு, அதையும் துப்பிவிட வேண்டும். பால், டீ எதையும் கண்ணில் காட்டமாட்டார்கள். ரொட்டியை மொறுமொறுவென்று சுட்டுக் கொடுப்பார்கள். புறப்படும்போது அம்மாக்காரி ஈரத் துணியால் அவள் உதட்டை ஒற்றி எடுப்பாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ சித்தி வீட்டு விசேஷமோ, எதுவானாலும் இதே சட்டம். காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போக அந்த ஊரில் ஓர் இடம் கிடையாது. இருக்கிற கக்கூசுக்கெல்லாம் படி. படி இல்லாவிட்டால் கதவு குறுகல். கதவு அகலமாக இருந்துவிட்டால், உள்ளே எட்டிப் பார்த்ததுமே குடல் வாய்க்கு வந்துவிடும். பத்து வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து அம்மாக்காரி கண்டுபிடித்த ஒரே வழி, குடிக்காதே என்பதுதான்.

சில்வண்டுக்கு வயது பத்து. பிறக்கும்போதே கால்களில் பலமில்லை. அந்தப் பலமெல்லாம் வாய்க்குப் போய்விட்டது என்று அப்பாக்காரன் சொல்லுவான். ஓயாமல் பேசுவதால்தான் அந்தப் பெயர். அப்பாக்காரன் வெல்டர். வீட்டு முன்புறத்திலேயே தகரக் கூரை இறக்கிப் பட்டறை போட்டிருந்தான். அம்மாக்காரிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க யார் யாருடைய படுக்கை விரிப்போடோ மல்லுக்கட்டுகிறவள். அதனால் எதற்கும் எளிதில் முகம் சுளிக்கமாட்டாள், எதையும் எளிதில் நம்பவும் மாட்டாள்.

நகராட்சி விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. 'எல்லோருக்கும் விளையாட்டு' என்று பெயர். நடக்க முடியாத பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவதற்கு. அதற்காக வாசலில் ஒரு சரிவுப்பாதை, உள்ளே ஒரு புதுக் கக்கூஸ். கக்கூசுக்குக் கைப்பிடி போடுகிற வேலை வெல்டருக்கு வந்தது. கொடுத்த படத்தில் ஒரே ஒரு கம்பி, வளர்ந்த ஆளின் உயரத்துக்கு. அவன் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மகளைப் பட்டறைக்குக் கூப்பிட்டான். ஒரு பைப்பை இரண்டு கையாலும் குறுக்கே தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"இந்தா, இதைப் பிடிச்சு எந்திரி பாப்போம்."

"எட்டலப்பா. இன்னும் கொஞ்சம் கீழ... ரொம்பக் கீழ போயிட்ட. நான் என்ன தவளையா?"

"இப்போ?"

"இப்போ சரி. அசையாத. ஏறிட்டேன் பாரு."

அந்த உயரத்தில் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டான். படத்தில் உள்ளபடி மேலே ஒரு கம்பி, படத்தில் இல்லாமல் கீழே இன்னொரு கம்பி. எவர்சில்வர் பைப்பை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலை நிரப்பி, சூடு காட்டி வளைத்தான். பற்ற வைத்த இடத்தையெல்லாம் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, ஒரு துண்டுப் பஞ்சைக் கம்பி மேல் ஓட்டிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு இழை சிக்கினால் மறுபடி தேய்ப்பு. பஞ்சு சிக்காத கம்பிதான் பிள்ளைகள் கைக்கு ஆகும் என்பது அவன் கணக்கு. அதே அளவில் இரண்டு கம்பியை வீட்டிலும் போட்டான். பத்தே நாளில் சில்வண்டு நாற்காலியிலிருந்து தானாகவே தாவி உட்காரப் பழகிவிட்டாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் போவாள். யாராவது உதவிக்கு வந்தால், "ஆள் இருக்கு" என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும்.

விளையாட்டும் அவளுக்குத் தோதானதுதான். வெள்ளைப் பந்து ஒன்றைத் தூரத்தில் உருட்டி விடுவார்கள். அதற்குப் பக்கத்தில் யார் பந்து போய் நிற்கிறதோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். நடக்கிற பிள்ளைகளும் நாற்காலியில் உட்கார்ந்துதான் போட வேண்டும். "அவங்களுக்கு ஒக்காந்தா கால் மரத்துப் போகுதாம்பா. எனக்கு அந்தத் தொல்லையே இல்ல," என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். வெல்டர் தன் பழைய தோல் கையுறைகளை வெட்டித் தைத்து, மணல் அடைத்து, அவளுக்கு ஆறு பந்து செய்து கொடுத்தான். நாலு மாசம் பட்டறைத் தரையில் இடது கையால் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு சாண் தள்ளிப் பந்து நின்றாலே கோபப்பட ஆரம்பித்துவிட்டாள்.

தொடக்க விழாவும் முதல் போட்டியும் ஒரே நாளில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அன்றைக்குப் பார்த்து அம்மாக்காரிக்கு டியூட்டி. வேலைக்குப் புறப்பட்டவள் வழக்கம்போல ஈரத் துணியை எடுத்தாள்.

"அதை வை. தண்ணி குடு அவளுக்கு," என்றான் வெல்டர்.

"எதுக்கு?"

"எதுக்கா? தாகத்துக்கு."

"வெளிய போற பிள்ளைக்கு யாராவது தண்ணி குடுப்பாங்களா?"

"அங்க நான் வேலை செஞ்ச கக்கூஸ் இருக்கு. கதவு எவ்வளவு அகலம்னு நானே அளந்து பாத்துருக்கேன். கம்பி இவ கைக்குன்னே போட்டது. வீட்டுல போற மாதிரி தனியா போய்ட்டு வரப்போறா. இன்னைக்கு ஒரு நாளாவது எல்லாப் பிள்ளைங்க மாதிரி தண்ணி குடிச்சிட்டு விளையாடட்டும்."

"நீங்க கம்பியைத்தான் செஞ்சீங்க. அங்க இருக்கிற ஆளுங்களையும் நீங்களா செஞ்சீங்க?"

"உனக்கு எதுலதான் நம்பிக்கை?"

"தண்ணி குடுக்காததுல," என்றாள் அம்மாக்காரி. ஆனால் அதற்கு மேல் வாதாடவில்லை. துணியைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சில்வண்டு அப்பாவைப் பார்த்தாள். "நிஜமாவா?"

"குடி. நான் சொல்றேன்."

இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூசும் குடித்தாள். வழியெல்லாம் வயிற்றில் அலை அடிக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்தாள். வெல்டருக்கும் மனசு நிறைந்திருந்தது. தன் கை வேலையை ஒருத்தன் நம்பாமல் வேறு எதை நம்புவான்?

அரங்கத்தில் கோடு போட்டு, பந்துகளை அடுக்கி, எல்லாம் தயாராகத்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் பதினோரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். சில்வண்டோடு பன்னிரண்டு. வராதவர் சிறப்பு விருந்தினர் ஒருவர்தான். அவர் வந்து தொடங்கி வைக்காமல் ஒரு பந்தைக்கூட உருட்டக்கூடாது என்று உத்தரவு. ஒன்பது மணி பத்தாயிற்று. வெயில் தகரக் கூரையில் ஏறியது. ஒலிபெருக்கியில் ஒருவன் 'இதோ வந்துகொண்டிருக்கிறார்' என்று கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"அப்பா, நான் போய்ட்டு வந்துடறேன்," என்றாள் சில்வண்டு.

கக்கூஸ் கதவில் சக்கர நாற்காலிப் படம் பெரிதாக வரைந்திருந்தது. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் துப்புரவு வேலை பார்க்கிற அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"சாவி யாருகிட்டக்கா?"

"மேனேஜர் பையில. ஆனா இப்பத் திறக்க மாட்டாங்க தம்பி."

"ஏன், தண்ணி வரலியா?"

"அதெல்லாம் வருது. இந்த அரங்கத்துலயே மூக்கைப் பிடிக்காம போகக்கூடிய கக்கூஸ் இது ஒண்ணுதான். பெரிய மனுஷன் வர்றாருல்ல, அவருக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க. நேத்துலேருந்து மூணு தடவை கழுவிட்டேன். புதுச் சோப்பு, புதுத் துண்டு எல்லாம் வச்சாச்சு. அவர் வந்து போற வரைக்கும் ஒரு ஈ உள்ள போகக்கூடாதாம்."

வெல்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்படியும் இருக்குமா என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

மேனேஜர் வாசலில் வரவேற்புப் பலகையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சார், பிள்ளைக்கு அவசரம். அந்தச் சாவி வேணும். அஞ்சே நிமிஷம்."

"இப்பவா? ஐயா வந்துக்கிட்டே இருக்காரு. பொதுக் கக்கூஸ் பின்னாடி இருக்கே."

"அதுக்கு ரெண்டு படி ஏறணும் சார்."

"தூக்கிட்டுப் போப்பா. உம் பொண்ணு என்ன சிமெண்டு மூட்டையா?"

"இவங்களுக்குன்னுதானே சார் அந்தக் கக்கூசைக் கட்டினது?"

"யாரு இல்லேன்னா? அவங்களுக்குத்தான். இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. வர்றவர் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனார்னா அடுத்த வருஷம் இந்தத் திட்டமே கிடையாது. எல்லாம் உங்க பிள்ளைங்க நல்லதுக்குத்தான் நானும் அலையறேன். புரிஞ்சுக்க."

புரியத்தான் செய்தது. புரிந்ததும் அவனுக்கு நாக்கில் என்னவோ கசந்தது. அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியிருந்தால் மகளை அன்றைக்கு ஆட விடமாட்டார்கள் என்று பயந்தான். அந்தப் பயத்தையும் அவர் நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தார்.

பின்பக்கத்துக் கக்கூஸ் வாசலில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அதைத் தண்ணீர் என்று சொல்லுவது மரியாதைக்கு. அதில் செங்கல்லைப் போட்டு அதன் மேல் கால் வைத்துப் போயிருந்தார்கள். கதவுக்குக் கீழ்ப்பாதி இல்லை. உள்ளே தரையோடு தரையாக ஒரு பீங்கான், அதைச் சுற்றி யார் யாரோ குறி தவறிப் போனதெல்லாம் காய்ந்து கிடந்தது. ஈக்கள் எழுந்து முகத்தில் மோதின. மூன்று முறை கழுவின ஃபினைல் வாடை முன்பக்கம், இது பின்பக்கம். ஒரே கட்டடம், ஒரே மேனேஜர்.

அந்த அக்காவும் கூட வந்தாள். "நான் பிடிச்சுக்கிறேன் கண்ணு, ஒண்ணும் ஆகாது," என்றாள்.

சில்வண்டு உள்ளே பார்த்தாள். அந்தப் பாதிக் கதவைப் பார்த்தாள். பிறகு தன் மடியில் இருந்த தோல் பந்தைப் பார்த்தாள்.

"வேணாம்பா. நான் அடக்கிக்கிறேன்."

"வீட்டுக்குப் போயிடலாம்மா. அரை மணி நேரத்துல போயிடலாம்."

"போனா திரும்பி வர முடியுமா? நாலு மாசமா போட்டிருக்கேன். ஒரு பந்தாவது போடாம நான் வரமாட்டேன்."

அதன் பிறகு அவள் பேசவில்லை. சில்வண்டு பேசாமல் இருந்து வெல்டர் பார்த்ததே இல்லை. நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைப் பந்தையே பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவன் இரண்டு முறை மறுபடியும் மேனேஜரிடம் போனான். முதல் முறை "இதோ" என்றார். இரண்டாம் முறை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய மனிதர் பதினொன்றரைக்கு வந்தார். வந்தவர் நேராகக் கக்கூசுக்குத்தான் போனார். மேனேஜரே ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு பிள்ளைகள் வெயிலில் வரிசையாகக் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் கழித்துத் தெளிந்த முகத்தோடு அவர் வெளியே வந்தார். பின்னாலேயே பூட்டு மறுபடியும் விழுந்தது.

"சார், இப்பவாவது," என்றான் வெல்டர்.

"ஃபோட்டோ முடியட்டும்யா. ஒரு நிமிஷம் அடங்கமாட்டியா?"

பெரிய மனிதர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்துக்கொண்டே வந்தார். சில்வண்டிடம் வந்து, குனிந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, "உம் பேரென்ன பாப்பா?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். நாற்காலிக்குக் கீழே சொட்டத் தொடங்கியது. பிறகு சொட்டு ஓட்டமாயிற்று. சிமெண்டுத் தரையில் வளைந்து போய் அவருடைய ஷூவைத் தொடப் பார்த்தது. அவர் சட்டென்று இரண்டடி பின்னால் வைத்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். தன் வாடையைப் பத்து நிமிஷம் முன்னால்தான் அவளுடைய அறையில் விட்டுவிட்டு வந்த மனிதர்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு வெல்டரின் காதருகே வந்தார். "அறிவிருக்கா உனக்கு? கூட்டிட்டு வர்றப்ப தண்ணியைக் குறைச்சுக் குடுக்கணும்னு தெரியாது? மத்தவங்க எல்லாம் கூட்டிட்டு வரல?"

அப்போதுதான் வெல்டர் மற்றவர்களைப் பார்த்தான். பதினோரு பிள்ளைகளின் உதடும் காய்ந்து தோல் உரிந்திருந்தது. அத்தனை அம்மாக்களின் தோளிலும் ஓர் ஈரத் துணி கிடந்தது. அவர்களில் ஒருத்தி மெல்லிய குரலில், "தண்ணி குடுத்தீங்களாண்ணே?" என்று கேட்டாள். விஷம் கொடுத்தீர்களா என்று கேட்கிற மாதிரி இருந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கம்பியைப் போட்டவன் ஒருத்தன்தான் அதை நம்பி வந்திருந்தான்.

பெரிய மனிதருக்கு அடுத்த கூட்டம் இருந்ததால் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலிலேயே கோப்பை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நேரமில்லை, ஆளுக்கு ஒரே ஒரு பந்து என்று அறிவித்தார்கள். வெல்டர் நாற்காலியைத் திருப்பப் போனான். சில்வண்டு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஈரப் பாவாடையோடு கோட்டுக்கு வந்து இடது கையால் பந்தைப் போட்டாள். அன்றைக்கு அவள் போட்ட அந்த ஒரே பந்து எங்கேயோ உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிப் போயிற்று.

மேனேஜர் இப்போது தாராளமாகச் சாவியை நீட்டினார். "இந்தா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க."

சில்வண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெல்டர் மாற்றுத் துணி எதுவும் கொண்டு வரவில்லை. துப்புரவு அக்கா தன் துப்பட்டாவைக் கொடுத்திருந்தாள். அவன் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னம்மா?"

"கம்பி நல்லாத்தாம்பா இருக்கு. பட்டுனு ஏறிட்டேன்."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"ஆனா கீழ்க் கம்பியில பாதிக்கு யாரோ ஈரத் துண்டைப் போட்டு வச்சிருக்காங்க. இறங்கறதுக்குப் பிடிக்க முடியல. தொட அருவருப்பா இருக்கு."

"தள்ளிக் கீழ போடு."

"தள்ளிட்டேன்," என்றாள்.

சாயங்காலம் அம்மாக்காரி பாவாடையை அலசிக் காயப்போட்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டு ஆற்றியிருப்பான். அவள் மகள் தலையைத் துவட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவன் சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மேனேஜரிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு குழைவு.

"வெல்டரே, உனக்கு நல்ல சேதி. ஐயாவுக்கு உன் வேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்தக் கக்கூஸ்ல கீழ ஒரு கம்பி போட்டிருக்கியே, துண்டு போடறதுக்கு அவ்வளவு வசதியாம். அவர் வீட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணுமாம். நாளைக்குப் போய் அளவெடுத்துட்டு வந்துரு."

"அது துண்டுக் கம்பி இல்ல சார்."

"பின்ன?"

"எம்பொண்ணு கை எட்டுற உயரம் அது."

"ஏதோ ஒரு உயரம்யா. அவருக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதானே?"

வெல்டர் போனை வைத்தான். வெளியே வந்து பட்டறை வாசலில் காறித் துப்பினான். துப்பியும் வாய்க்கசப்புப் போகவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தான். குடிக்கும்போதே மகள் ஞாபகம் வந்து பாதியில் வைத்துவிட்டான்.

மறுநாள் காலை கிரைண்டரை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனான். கக்கூஸ் கதவில் வெளிப்பக்கம் பூட்டுப் போடுகிற கொண்டியை அடியோடு அறுத்தெடுத்தான். பொறி பறந்தது. உள்தாழ்ப்பாளை மட்டும் விட்டுவைத்தான். அறுத்த இடத்தை வழவழவென்று தேய்த்து, பழக்க தோஷத்தில் பஞ்சை ஓட்டிப் பார்த்தான். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார்.

"யோவ், என்னய்யா பண்ற? யாரைக் கேட்டுப் பண்ற?"

"நான் போட்ட வேலையில ஒரு பிசிறு இருந்துச்சு சார். எடுத்துட்டேன்," என்றான் வெல்டர். கொண்டியோடு சேர்த்துப் பூட்டை அவர் கையில் வைத்தான். "இதை ஐயா வீட்டுக்குக் குடுத்து விடுங்க. துண்டு மாட்டலாம்."

துப்புரவு அக்கா துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். மேனேஜர் போலீஸ், புகார் என்று என்னென்னவோ சொன்னார். சொல்லிவிட்டு, பூட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. சில்வண்டு குளித்து, தலை சீவி, தோல் பந்துகளைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாக்காரி இந்த முறை துணியை எடுக்கவில்லை. அவளே டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கணவன் கையில் கொடுத்தாள்.

"குடிம்மா," என்றான் வெல்டர்.

சில்வண்டு டம்ளரைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"பூட்டே கிடையாதும்மா இனிமே. நானே அறுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். இனிமே யாராலயும் பூட்ட முடியாது. நான் சொல்றேன்ல, குடி."

அவள் அவனை அன்பாகத்தான் பார்த்தாள். கோபம் துளிகூட இல்லை.

"அன்னைக்கும் நீதானேப்பா சொன்ன," என்றாள். பிறகு ஈரத் துணியைக் கொடியிலிருந்து தானே எட்டி இழுத்து, உதட்டை ஒற்றிக்கொண்டாள். "வா, நேரமாச்சு. விளையாடிட்டு வந்து குடிச்சுக்கிறேன்."